ஐந்து சென்ட் வைத்தியம்

வீராபூல் கிரிக்கெட் மைதானத்தின் புல்லைப் பதினோரு வருடமாக வெட்டிவருபவர் வெர்னா ஹாட்ரிக். அறுபத்தொரு வயது. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டியில் அவர் ஏறிவிட்டால் நாய்கூடக் குறுக்கே வராது.

மறுநாள் அரையிறுதி ஆட்டம். வெள்ளிக்கிழமை மதியம் பாதி மைதானத்தில், பிளேடுகளைச் சுழற்றும் பெல்ட் கழன்று விழுந்தது. கிளப் தலைவர் மெர்வுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வேலையை வெளியூர்க் குத்தகைக்காரரிடம் கொடுக்க வேண்டும் என்று ஒரு வருடமாகவே நச்சரித்துக்கொண்டிருந்தவர் அவர்.

"இது உனக்கு ஒத்துவராது வெர்னா. அந்த ஆளுக்குப் போன் போட்டுட்டேன். நாலு மணிக்கு வர்றாரு. இனிமே அவரே பாத்துக்கட்டும்."

அந்த மைதானத்தின் மேடுபள்ளமெல்லாம் வெர்னாவுக்கு அத்துப்படி. "நாலு மணிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குல்ல?" என்று சொல்லி வண்டியைக் கருவிக் கொட்டகை வாசலுக்கு ஓட்டிப் போனார்.

பெல்ட்டைக் கப்பிகளில் சுற்றுவது எளிது. அதை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங்தான் எமன். உதவுகிறேன் பேர்வழி என்று பீரை வைத்துவிட்டுக் கிளப் ஆட்கள் கிளாரியும் லெஸும் குறடோடு வந்தார்கள். கிளாரி இழுத்தார், விரல் தோல் போயிற்று. லெஸ் இழுத்தார், ஸ்பிரிங் பறந்து கொட்டகைக் கூரையில் விழுந்தது. ஏணி போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு, பையில கெடக்கற அஞ்சு சென்ட் காசெல்லாம் எடுங்க," என்றார் வெர்னா.

"லஞ்சம் குடுத்தா மாட்டிக்குமா?" என்றார் கிளாரி.

"பாரேன்."

ஐந்து சென்டுக்கு எதுவும் கிடைக்காத ஊர் என்பதால் எல்லார் பையிலும் அது கிடந்தது. வண்டி தவறிக் கிளம்பிவிடாதபடி வெர்னா முதலில் இன்ஜினின் பிளக் வயரைக் கழற்றினார். ஸ்பிரிங்கை மேசையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் பிடித்து ஒரு பக்கமாக வளைத்து, திறந்த சுருள் இடுக்குகளில் காசுகளைச் செருகினார். பிறகு மறுபக்கம் வளைத்து அதே போல. ஸ்பிரிங் ஒரு விரற்கடை நீண்டு அப்படியே நின்றது. பெல்ட்டைச் சுற்றிவிட்டுக் கொக்கியைத் துளையில் வைத்தார். ஆணியில் தொப்பி மாட்டுவது போல மாட்டிக்கொண்டது. பிளேடுகளை இயக்கும் நெம்புகோலைத் தள்ளியதும் ஸ்பிரிங் இன்னும் சற்று விரிய, காசுகள் கலகலவென்று உதிர்ந்தன. கிளாரி அவற்றைப் பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

குத்தகைக்காரர் வந்தபோது வெர்னா கடைசி வரிசையை வெட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டவர் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார்.

"இந்த ஸ்பிரிங்கோட நான் அரை நாள் மல்லுக்கட்டுவேன். போன மாசம் மூக்கைப் பேத்துருச்சு. எனக்கும் சொல்லிக் குடுங்கம்மா." பிறகு மெர்வ் பக்கம் திரும்பினார். "ஆமா, என்னை எதுக்குங்க கூப்பிட்டீங்க?"

மெர்வின் காது சிவந்தது. கிளாரியும் லெஸும் வானத்தைப் பார்த்தார்கள்.

"மெர்வ், இவருக்கு ஒரு பீர் ஊத்து," என்றார் வெர்னா. "காலையில ஆட்டத்துக்குப் பிட்ச்சுல கோடு போடணும், வந்து கயிறு பிடி."

மெர்வ் பீரை ஊற்றிக் குத்தகைக்காரரிடம் நீட்டினார்.

"எத்தனை மணிக்கு வரட்டும் வெர்னா?"