அணிலுக்குக் குரல் கொடுத்த அத்தை

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து, ஆவடியை ஒட்டிய எங்கள் சேக்காட்டு வீட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தோம். டிவியில் ஓர் அணில் கரடியை மிரட்டியது: "டேய் தடியா, எழுந்திர்றா! பொழுது விடிஞ்சி எவ்ளோ நேரமாவுது!" தம்பி பதறி எழுந்து நின்றான். நானும்தான். அது எங்கள் அத்தையின் குரல். அத்தையோ அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் கத்துவது யார், அடுப்படியில் இருப்பது யார் என்று புரியாமல் அடுப்படியை எட்டிப் பார்த்தேன்.

"இன்னாடா, பேய் அடிச்ச மாதிரி நிக்கிறீங்க? நான்தான்டா அந்த அணிலு" என்று அத்தை சிரித்தார்.

அவர் அப்பாவின் தங்கை. காலையில் பஸ் பிடித்து வடபழனிக்கு டப்பிங் பேசப் போவார். அணிலை எந்த ஊரில் வரைந்தார்களோ, எங்களுக்கு அது ஆவடி அணில்தான். கரடியைத் திட்ட அத்தைக்கு ஒத்திகையே தேவைப்பட்டிருக்காது. தினமும் எங்களைத் திட்டிய பழக்கம் இருந்ததே! தெருப் பிள்ளைகள் வாசலில் நின்று, "அத்தே, ஒரு தபா அணிலு மாதிரி பேசு" என்று கெஞ்சுவார்கள். "போங்கடா, சோறு கொதிக்குது" என்று அணில் குரலிலேயே விரட்டுவார்.

பிள்ளைகளே, போன வருடம் அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தார்கள். கழுத்தில் ஒரு துளை. அதை விரலால் மூடிக்கொண்டு பேசிப் பழகச் சொன்னார் டாக்டர். ஆஸ்பத்திரியில் ஒரு முறை பேசிப் பார்த்தார். தகரத்தை உரசியது போல வந்தது. அதோடு சரி. அயனம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டுக்கு அழைத்து வந்த பிறகும் வாய் திறக்கவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் கை தட்டுவார். யாராவது வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். இனி இப்படியே இருந்துவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

போன வாரம் என் மகள், நான் அடிக்கடி சொல்லும் அந்தக் கார்ட்டூனைச் செல்போனில் தேடிப் பிடித்துவிட்டாள். அதில் பேசியது யாரென்று மட்டும் நான் அவளிடம் சொன்னதில்லை.

"என் பழத்துல கைய வெச்ச, கடிச்சிடுவேன்!"

என் கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. அத்தை எதிரே நாற்காலியில் இருக்கிறார். உதடு அசையவில்லை. குரல் மட்டும் வீடெல்லாம் துள்ளுகிறது. புதைத்ததைத் தோண்டி அவர் மடியில் வைத்தது போல இருந்தது எனக்கு.

"நிறுத்து பாப்பா!" என்று பாய்ந்தேன்.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பார்வை போனிலேயே இருந்தது. அணில் கரடியை விரட்டி முடித்தது. அத்தை முகத்தைச் சுளித்தார். மெல்ல விரலைக் கழுத்துக்குக் கொண்டுபோனார்.

"அந்த எடத்துல மூச்சு வாங்கிக்கீறேன் பாரு" என்றார், அந்தத் தகரக் குரலில். "இன்னொரு டேக் போலாம்னு அப்பவே சொன்னேன். எவன் கேட்டான்?"

மகள் வாயைப் பிளந்து அவரையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போனை அவர் பக்கம் நீட்டினாள்.

"எந்த எடம் ஆயா? திருப்பிப் போடவா?"

அத்தை விரலை எடுக்கவே இல்லை.

"போடு."