தண்ணீர் லேனில் விழுந்த பேண்ட்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து லேப் திறந்ததும் ஓட்டிய முதல் ஜெல்லில் எல்லா லேனிலும் பேண்ட் விழுந்திருந்தது. வெறும் தண்ணீர் விட்ட லேனிலும்.

லேப்பில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மாமல்லபுரத்திலிருந்து கடப்பாக்கம் வரை கடலோரமெங்கும் இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிகள் பெருகியிருந்த காலம். விற்பதற்கு முன் குஞ்சுகளில் வெள்ளைப்புள்ளி வைரஸ் இருக்கிறதா என்று டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். செய்து சொல்வது எங்கள் வேலை. இருந்தால், ஜெல் என்கிற மெல்லிய கூழ்ப்பலகையில், அந்தச் சாம்பிள் ஓடும் தடமான லேனில், யு.வி. வெளிச்சத்தில் ஒரு கோடு ஒளிரும். அதுதான் பேண்ட். ஒவ்வொரு முறையும் ஒரு டியூபில் சாம்பிளுக்குப் பதில் தண்ணீர் மட்டும் விடுவோம். அந்த லேன் இருட்டாகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "இறாலுக்கு டெஸ்ட் எடுக்கிறேன்" என்றபோது, உப்பளத்தில் வேலை செய்த அப்பா, "ஏன், அதுக்கு இன்னா காச்சலா?" என்றார்.

அன்று வாசல் பெஞ்சில் கடப்பாக்கம் ஹேச்சரிக்கார தேவராஜ் அண்ணன் உட்கார்ந்திருந்தார். குஞ்சு வாங்க வந்த வண்டி அவருடைய ஹேச்சரியில் நின்றது. நான் 'பாசிட்டிவ்' என்று எழுதினால் தொட்டி முழுக்கக் குளோரின் ஊற்றி அழிக்க வேண்டியதுதான்.

"இன்னா தம்பி, மூஞ்சே செரியில்ல?"

"தண்ணியிலயும் பேண்ட் வந்துருக்குண்ணே. இத வெச்சு ரிசல்ட் சொல்ல முடியாது."

"உங்க தண்ணிக்கே வியாதின்னா என் குஞ்சு இன்னா பண்ணும்? மொதல்ல அத்த ஆஸ்பத்திரில சேத்துடு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வண்டிக்காரன் விடியும் வரைதான் காத்திருப்பானாம்.

லேப் பொறுப்பாளர் மேடம் ஜெல்லைப் பார்த்துவிட்டு, "எங்கயோ கன்டாமினேஷன். எல்லாத்தையும் ஒரேயடியா மாத்திடாதே. எதுனாலன்னு தெரியாமலே போயிடும்" என்றார். ஆகவே தண்ணீர் டியூபுகளை மட்டும் வரிசையாக வைத்தேன். ஒன்றில் புதுத் தண்ணீர், ஒன்றில் வைரஸ் டி.என்.ஏ.வைத் தேடிப் பிடிக்கும் பிரைமர் புதிது, இன்னொன்றில் எல்லாமே புதிது. மூன்றும் ஒளிர்ந்தன.

விட்டதெல்லாம் புதிது என்றால் மிச்சம் இருப்பது விட்ட கருவி. துளித்துளியாக அளந்து விடும் பிப்பெட்டைக் கையில் எடுத்தேன். பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்துபோய் அதில் ஒட்டியிருந்தது. துடைத்தேன். அடியில் நீலக் கறை.

நீலம், ஜெல்லில் சாம்பிள் விடும்போது கலக்கும் சாயம். ஜெல் ரூமில் ஏற்கெனவே பெருகிய டி.என்.ஏ.வைத் தொட்ட பிப்பெட், பி.சி.ஆருக்கான மிக்ஸ் தயாரிக்கிற ரூமுக்குள் வரவே கூடாது. அதில் துளி ஒட்டியிருந்தாலும் தண்ணீர்கூட ஒளிரும்.

ஜெல் ரூம் சேகரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மச்சான், இது என்னுதாச்சே" என்றான். "பூஜைல எல்லாத்தையும் ஒரே எலையில வெச்சோம்ல. எல்லாத்துக்கும் ஒரே மாரி பொட்டு. எது எந்த ரூம்முன்னு தெர்ல, அளவப் பாத்து எட்த்து வெச்சிட்டேன்."

"மேடம்தான் கற்பூரம் காட்டுனாங்க" என்றேன்.

"அப்ப சாமி மேலயும் பேண்ட் வரும்."

மேடமும் சிரித்துவிட்டார். மேசையை பிளீச் போட்டுத் துடைத்தோம். திறந்திருந்த பாட்டில்களையெல்லாம் கொட்டிவிட்டு, பீரோவிலிருந்த புது பிப்பெட்டால் மிக்ஸ் போட்டு, அண்ணனின் சாம்பிளை முதலிலிருந்து ஓட்டினோம்.

யு.வி. போட்டதும் தேவராஜ் அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். டெஸ்ட் வேலை செய்கிறதா என்று பார்க்க வைரஸ் டி.என்.ஏ. விட்ட கன்ட்ரோல் லேன் மட்டும் ஒளிர்ந்தது. தண்ணீர் லேன் இருட்டு. பக்கத்தில் அவர் லேன்.

"இன்னாப்பா, என்னுதுல ஒண்ணுமே தெர்லியே?"

"ஒண்ணும் தெரியலன்னாதாண்ணே நல்லது. வண்டில ஏத்தச் சொல்லுங்க."

இன்னொரு முறை குனிந்து அந்த இருட்டைப் பார்த்தார். பிறகு போன் எங்கே என்று கேட்டார்.

அதிலிருந்து எங்கள் லேப்பில் ஆயுத பூஜை இரண்டு முறை நடக்கிறது. மிக்ஸ் ரூமில் சந்தனம், ஜெல் ரூமில் குங்குமம், தேங்காயும் இரண்டு. புதிதாக வருபவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஜெல் கையில் வந்ததும் கஸ்டமர் லேனுக்குக் கண் போகும். அதைத் தடுத்துத் தண்ணீர் லேனை முதலில் பாருங்கள். நம்முடையது இருட்டாக இருந்தால்தான் அடுத்தவர் தொட்டியைப் பற்றிப் பேசலாம்.