காலண்டர் தாளில் எழுதிய நேரங்கள்

நான் எதையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. அங்கன்வாடிக்கு முட்டை வந்து இறங்கினால் ஒவ்வொன்றையும் வாளித் தண்ணீரில் போட்டு, அடியில் போய்ப் படுக்கிறதா, மேலே மிதக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். முட்டை கொண்டுவரும் ஆள் தலையில் அடித்துக்கொள்வார். பதினெட்டு வருடமாக ஜவ்வாது மலையில் எனக்கு இந்த வேலைதான். பிறந்தது கீழே, கலசப்பாக்கம் பக்கம். மலையேறி வந்த பிறகுதான் எனக்கு இந்தக் குணம் முற்றியது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அது உண்மையில்லை. நான் பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

அவர் பொக்லைன் ஓட்டுகிறவர். மலை ரோடு வேலை முடிந்துபோனதும், மூன்று வருடத்துக்கு முன்பு குஜராத்துக்குப் போனார். அங்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். கடலுக்குள் கல் கொட்டிச் சுவர் கட்டும் வேலை. பையன் வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். வீட்டில் நான் ஒருத்திதான். எங்கள் ஊரில் டவர் கிடைக்காது. தண்ணீர் டேங்க் இருக்கும் மேட்டில் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். அதனால் அவர் எத்தனை மணிக்குக் கூப்பிடுவார் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த நேரத்துக்கு நான் மேட்டில் நிற்கவேண்டுமே.

அவரோ ஒரு நாளைப்போல் இன்னொரு நாள் கூப்பிட மாட்டார். நேற்று ஐந்தேகாலுக்குப் பேசியவர் இன்றைக்கு ஆறு மணிக்குப் பேசுவார். நாளைக்கு ஏழுக்குப் பக்கத்தில். இப்படியே தள்ளித் தள்ளிப் போய் ஒன்பதைத் தாண்டும். அப்புறம் திடீரென்று ஒருநாள் காலையில், நான் குழந்தைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருக்கும்போது மூன்று முறை கூப்பிட்டிருப்பார். சாயங்காலம் மேட்டுக்குப் போனால்தான் அது எனக்குத் தெரியும்.

"இன்னாங்க இது, ஒரு நேரம் காலம் இல்லையா? மேட்டுல நின்னு நின்னு காலு வலிக்குது" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் இன்னா பண்றது? கடல் எறங்குனாதான் வண்டிய உள்ள வுட முடியும். தண்ணி ஏறிடுச்சினா மேல வந்து சும்மா குந்தினு இருப்பேன். அப்பதான் பேச முடியும்."

"கடல் எங்க எறங்குது?"

"உள்ள போய்டும். ரெண்டு மைல், மூணு மைல். அப்புறம் திரும்பி வந்துடும்."

நான் கடலையே பார்க்காதவள் இல்லை. சென்னையில் இரண்டு முறை, பாண்டிச்சேரியில் ஒரு முறை பார்த்திருக்கிறேன். அது இருந்த இடத்தில்தான் இருந்தது. அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். காலையில் பார்த்த கடல் சாயங்காலமும் அங்கேயேதான் கிடந்தது. மூன்று மைல் போய்விட்டுத் திரும்பி வருமாம். மலையில் கிடக்கிறவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று காதில் பூச்சுற்றுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அன்றிலிருந்து தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் அவர் கூப்பிட்ட நேரத்தை எழுதி, ரப்பர் பேண்டு போட்டு வைத்தேன். ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் என்று தள்ளிப் போகிறது. அதைப் பார்த்து எனக்குத் தெளிவு வரவில்லை, சந்தேகம்தான் கூடியது. சாதாரணமாக இருக்கிற ஆள் முன்னே பின்னே கூப்பிடுவார். இவ்வளவு கணக்காகக் கூப்பிடுகிறார் என்றால், அங்கே இன்னொருத்தியின் வேலை நேரத்தை அனுசரித்துப் பேசுகிறார் என்றுதானே அர்த்தம்? அதே தாளின் முன்பக்கம் அமாவாசையும் பௌர்ணமியும் கறுப்பும் வெள்ளையுமாக அச்சாகியிருந்தன. நான் பின்பக்கத்தை மட்டும்தான் பார்த்தேன்.

பொங்கலுக்கு வந்தபோது பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து வைத்தார். கைக்கு அடங்காத கல், காப்பிக்கொட்டை நிறம், மேலே வரிவரியாக மேடும் பள்ளமும்.

"யானை மாதிரி ஒரு மிருகத்தோட கடவாப்பல்லு. எந்தக் காலத்துலயோ செத்து மண்ணுக்குள்ள போயி கல்லாயிடுச்சாம். அங்க தண்ணி எறங்குனா இந்த மாதிரி எலும்புங்க வெளிய தெரியும். படிச்சவங்கல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க."

"உங்களுக்கு யாரு குடுத்தாங்க?"

"மெஸ் நடத்துற அம்மா. ஊறுகா ஜாடி மேல வெயிட்டுக்கு வெச்சிருந்திச்சு. இன்னாதுன்னு கேட்டேன், எடுத்துக்கோன்னு குடுத்துடுச்சு."

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. மெஸ் நடத்துகிற அம்மா. அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பூ கொடுத்தாள், சட்டை எடுத்துக் கொடுத்தாள் என்றால் நேராகவே சண்டை போட்டிருப்பேன். பல்லைக் கொடுத்தவளை என்னவென்று கேட்பது? செத்ததின் எலும்பை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று சொல்லி, விறகு அடுக்கியிருந்த பக்கம் கொண்டுபோய்ப் போட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தேன். பார்த்தும் பார்க்காததுபோல் உள்ளே போய்விட்டேன்.

அவர் திரும்பிப் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருடம் என்னோடு குடும்பம் நடத்திய மனிதர் இன்னும் என்னுடையவர்தானா, இல்லையா? அது தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. மே மாதம் அங்கன்வாடிக்கு லீவு விட்டதும் கிளம்பிவிட்டேன். சாமை முறுக்கும் புளியும் பார்சல் போட அவரிடம் வாங்கி வைத்திருந்த விலாசம் கையில் இருந்தது. காலண்டர் தாள் கட்டையும் பைக்குள் வைத்துக்கொண்டேன். முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்க வேண்டும் என்று திட்டம்.

அவரிடம், "அக்கா வூட்டுல ஒரு வாரம் இருந்துட்டு வர்றேன்" என்று சொல்லியிருந்தேன். ரயிலில் போய்க்கொண்டிருக்கும்போது கூப்பிட்டார். டீ விற்கிறவர் பக்கத்தில் வந்து கத்தினார். "இன்னா சத்தம்?" என்று கேட்டார். "டிவி ஓடுதுங்க" என்றேன். "சரி சரி, ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். அவ்வளவு சுலபமாக நம்பினார். நம்புகிற மனிதரைத்தான் நான் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவேயில்லை. ஒருவேளை நான் தூரத்தில் இருப்பது அவருக்கு வசதியாக இருக்கிறதோ என்றுதான் தோன்றியது.

காட்பாடியில் ஏறி, நடுவில் ஒரு ரயில் மாறி, அப்புறம் பஸ்ஸில் மூன்று மணி நேரம். ஆட்டோ அந்தத் தெருவில் என்னை இறக்கிவிட்டபோது காலை பத்தரை இருக்கும். தெருக்கோடியில் ஆள் உயரத்துக்கு மேல் சுவர், அதிலிருந்து கீழே இறங்கும் படிகள். எட்டிப் பார்த்தேன். கடலைக் காணோம். கண்ணுக்கு எட்டியவரை சாம்பல் நிறச் சேறு, அதில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் படகுகள், அங்கங்கே பாறை. கடலோரம் என்று சொன்னதே பொய்யா?

மெஸ் படிக்குப் பக்கத்திலேயே இருந்தது. உள்ளேயிருந்து வந்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல பருமன், பெரிய மூக்குத்தி, முந்தானையை முன்னால் கொண்டுவந்து போட்டிருந்தாள். வயதானவள்தானே என்று நிம்மதியடைய நான் என்ன ஏமாளியா? போனில் அவர் படத்தைக் காட்டினேன். அவள் சிரித்தாள். என்னைக் காட்டி, படத்தைக் காட்டி, ஏதோ கேட்டாள். நான் தாலியை எடுத்துக் காட்டினேன். அவள் இன்னும் பெரிதாகச் சிரித்து, சேற்றுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினாள். ரொம்ப தூரத்தில் மஞ்சளாக ஒரு வண்டி தெரிந்தது, புளியங்கொட்டை அளவுக்கு.

நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். தலையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். நான் அங்கே போவது இவளுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. பிடிக்கவில்லை என்றால் அங்கே நான் பார்க்கக் கூடாதது ஏதோ இருக்கிறது. கையை உதறிவிட்டு நடந்தேன்.

சேறு கணுக்கால்வரை இழுத்தது. நடுநடுவே வாய்க்கால்போல் பள்ளங்கள். இறங்கி ஏறினேன். பாதி தூரம் போயிருப்பேன். அந்த மஞ்சள் வண்டி திரும்பியது. என்னை நோக்கி வரவில்லை. தூரத்தில் கல் கொட்டிப் போட்டிருந்த பாதையில் ஏறி, கரைப் பக்கமாக வேகமாகப் போனது. பார்த்துவிட்டார், என்னைப் பார்த்துவிட்டுத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன். இத்தனை மாதத்துச் சந்தேகமும் அந்த ஒரு நிமிடத்தில் உறுதியாகிவிட்டது. வாய்விட்டு அழுதுகொண்டே அந்த வண்டியைப் பார்த்து ஓடினேன்.

பின்னால் அந்த அம்மாவின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த பள்ளத்தில் கால் வைத்தபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. சற்று முன்பு தாண்டிய பள்ளத்தில் ஈரம்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். நான் நடந்து வந்த வழியில் இருந்த பள்ளங்களெல்லாம் நிரம்பிக்கொண்டிருந்தன. அலை இல்லை, சத்தம் இல்லை. வயலுக்கு மடை திறந்து விட்டதுபோல் எல்லாப் பக்கமும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா புடவையை வாரிச் செருகிக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். என் மேல்கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் எனக்குத் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. ஒரு பள்ளத்தில் இரண்டு பேருமே விழுந்தோம். என் பை முழுகியது, செருப்பு போனது. படிக்கு வந்து சேர்ந்தபோது இடுப்பளவு தண்ணீர். அவள் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அவள் என்னை உள்ளே கூட்டிப்போய்க் குளிக்க வைத்து, தன் புடவை ஒன்றைக் கட்டிவிட்டு, சூடாக ரொட்டி போட்டுக் கொடுத்தாள். நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

வண்டியை நிறுத்திவிட்டு அவர் சாப்பிட வந்தார். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா இது? எப்ப வந்த? ஏன் சொல்லல?"

"சும்மா... பாக்கணும்னு தோணிச்சுங்க."

அதையும் நம்பினார். அந்த அம்மா நடந்ததையெல்லாம் கையை ஆட்டிச் சொல்ல, "தண்ணி வருது, போவாதன்னு கத்திச்சாம்ல? பாஷ புரியலைன்னா நின்னு பாக்கக் கூடாதா?" என்று என்னைத் திட்டினார். திட்டும்போது குரல் உடைந்தது. அப்புறம் சுவரோரப் படிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். நான்கு மணிக்குள் கடல் வந்து, நாங்கள் உட்கார்ந்திருந்த படிக்கு இரண்டு படி கீழே நின்றது. சாய்ந்து கிடந்த படகெல்லாம் நிமிர்ந்து மிதந்தன. "சொன்னா நம்புனியா? இப்ப பாரு" என்று குழந்தைபோல் காட்டினார். என் மனிதர் எனக்கு அப்படியே இருக்கிறார் என்ற சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்தது. இதை இப்படியே விட்டுவிடலாம், எதற்காக வந்தேன் என்பது அவருக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் தங்கியிருந்த அறைக்குப் போனதும், பையைக் காய வைக்கலாம் என்று அவர்தான் எடுத்துக் கவிழ்த்தார். காலண்டர் தாள் கட்டு வெளியே விழுந்தது.

முதலில் அவருக்குப் புரியவில்லை. ஏதோ முக்கியமான காகிதம் என்று நினைத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்ததைக் கிழியாமல் பிரித்து, அறையின் ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்து, பறக்காமலிருக்க மேலே கூழாங்கல் வைத்தார். நாலைந்து தாள் வைத்த பிறகுதான் பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தார். பேனா மை கலங்கியிருந்தாலும் நேரம் தெரிந்தது. மீதித் தாள்களையும் பிரித்து வைத்தார். எல்லாவற்றையும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். கடல் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் நாள் வாரியாகப் போட்ட புத்தகம், சைட்டில் எல்லாருக்கும் கொடுப்பது. அது இந்த வருடத்துப் புத்தகம் என்பதால் தை மாதத் தாளிலிருந்து ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. அஞ்சு நிமிசம், பத்து நிமிசம் முன்ன பின்ன இருக்கு. நீயே ஒரு தடவ பாத்துக்க" என்றார். கோபமே இல்லை. அந்தக் குரலில் அவர் மேஸ்திரியிடம் பேசித்தான் கேட்டிருக்கிறேன்.

"தப்புதாங்க. மன்னிச்சிடுங்க" என்றேன்.

"வுடு" என்றார். காய்ந்ததும் தாள்களை அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு என் பையிலேயே வைத்தார்.

இப்போது வருடம் ஒன்றாகப் போகிறது. ஊருக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை விறகுப் பக்கம் கிடந்த அந்தப் பல்லைக் கழுவி வீட்டுக்குள் வைத்ததுதான். தாள்களை அடுப்பில் போட்டேன். நேரம் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அவர்தான் நிறுத்தவில்லை. நான் மேட்டில் ஏறியதும் போன் அதிரும். அவர் குரல் வருவதற்கு முன்னால் ஒரு போட்டோ வரும். சுவர், படி, எத்தனையாவது படியில் தண்ணீர் நிற்கிறது என்பது தெரியும். தினமும் ஒன்று. அதற்குப் பிறகுதான் பேசுவார்.

"போட்டோ இன்னாத்துக்குங்க? நான்தான் நம்புறேன்ல?" என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்.

"பரவால்ல, இருக்கட்டும்" என்பார்.

பகலில் எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் அவருடைய நிழல் இருக்கும். தானாக விழுந்த நிழல் இல்லை. வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்குத் தகுந்தபடி தள்ளி நின்று விழ வைக்கிற நிழல். பக்கத்தில் இன்னொரு நிழல் இல்லை என்பதை நான் பார்த்துக்கொள்வதற்காக. அதையெல்லாம் நான் இப்போது பார்ப்பதில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.