வத்தல் லாரியில் வந்த எட்டாம் வகுப்பு

பேச்சியம்மாள் மேடம் இன்று காலை தல்லாகுளம் வீட்டில் காலமானார். எங்கள் மாவட்டக் கல்வி அதிகாரியாக இருந்தவர். டி.இ.ஓ. என்றால் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் அவர் ஒருவர்தான்.

செய்தி வந்ததும் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இதை எழுதுகிறேன்...

நாகமலைக்கு மேற்கே, வானம் பார்த்த பூமியில் பிறந்தவர். ஹைஸ்கூலுக்குத் தினமும் நடந்தே போய்ப் படித்தவர். மற்றவர்கள் நல்ல ஊராகப் பார்த்து போஸ்டிங் கேட்டபோது, இவர் சொந்தப் பக்கத்தையே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

ஜீப் இருந்தும் பஸ்ஸில்தான் வருவார். அதுவும் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடந்து வருவார். ஜீப் புழுதியைப் பார்த்தால் வாத்தியார்கள் உஷாராகிவிடுவார்கள்.

ஒரே ஒரு முறை தேதி சொல்லிவிட்டு வந்தார். எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊர்ப் பள்ளியை ஹைஸ்கூல் ஆக்கலாமா என்று பார்க்க.

அப்போது ஊரில் எட்டாவதோடு சரி. மேலே படிக்க எட்டு கிலோமீட்டர் போக வேண்டும். பெண் பிள்ளைகளை யாரும் அனுப்ப மாட்டார்கள்.

என் மகள் செல்வி அந்த வருஷம் எட்டாவது. ஹைஸ்கூல் வராவிட்டால் அவள் படிப்பு அந்த ஏப்ரலோடு முடிந்தது. வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சே ஆரம்பித்துவிட்டார்கள். நான் அஞ்சாவதோடு நின்றவன். அவளை நிறுத்தக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி.

ஹைஸ்கூல் வேண்டுமானால் எட்டாவதில் ஸ்ட்ரெங்த் காட்ட வேண்டும். ரிஜிஸ்டரில் பெயர் இருந்தது, பெஞ்சில் பிள்ளை இல்லை. பாதிப் பெயர் காலனிப் பிள்ளைகளுடையது. அவர்கள் என் வத்தல் கிட்டங்கியில், அதாவது குடோனில், மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

மறைக்க என்ன இருக்கிறது... வேலைக்கு வைத்தது நான்தான்.

முதல் நாள் சாயங்காலம் பஞ்சாயத்துத் தலைவர் கூப்பிட்டார். எனக்கு மாமன் முறை.

"மாப்ள, காலையில லாரிய எடுத்துட்டுப் போயி பக்கத்தூருப் புள்ளைகள ஒரு மணி நேரத்துக்கு ஏத்திட்டு வா. பேரு கூப்புட்டா உள்ளேன்னு சொன்னாப் போதும்."

"நம்ம காலனிப் புள்ளைகளையே கூப்புட்டா என்ன மாமா?"

"கூப்புடு. இன்னைக்குப் பெஞ்சுல உக்காந்தது நாளைக்கும் வந்து உக்காரும். அப்பறம் காம்பு யாரு கிள்ளுவா, நீயா?"

மறுநாள் காலையில் நானே லாரியை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனேன்.

பத்தொன்பது பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். நாங்கள் கோட்டைவிட்டது ஒரு விஷயத்தில்... லாரியைக் கழுவவில்லை. அதில்தான் வத்தல் மூட்டை ஏற்றியிருந்தோம்.

மேடம் ரிஜிஸ்டரைத் திறந்து பெயர் வாசித்தார். முதல் பெயருக்கு ஒரு தும்மல். இரண்டாவது பெயருக்கு "உள்ளே..." பாதியிலேயே தும்மல். அப்புறம் பின் பெஞ்சு மொத்தமும் கண்ணைக் கசக்கிக்கொண்டு தும்முகிறது.

ஹெட்மாஸ்டர் முகத்தில் ரத்தமே இல்லை. நான் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறேன். முன் பெஞ்சிலிருந்து செல்வி என்னையே பார்க்கிறாள்.

"எதுலப்பா வந்தீங்க?" என்று கேட்டார் மேடம்.

"வத்தல் லாரில டீச்சர்," என்றான் ஒருவன், பெருமையாக.

மேடம் கத்தவில்லை. ரிஜிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"லாரி யாருது?"

"என்னுதுங்க."

"கிட்டங்கி?"

"அதுவும்..."

"வாங்க, பாப்போம்."

"மேடம், வெயிலா இருக்கு. மோரு குடிச்சிட்டுப் போகலாம்," என்றார் தலைவர். மேடம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிட்டங்கி வாசலில் நின்று அதே ரிஜிஸ்டரை மறுபடி வாசித்தார். "முத்துமாரி." வகுப்பில் சற்று முன் வேறொரு பிள்ளை உள்ளேன் சொன்ன பெயர். வத்தல் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். விரலெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"எம்புட்டு படிச்சிருக்க?"

"ஏழு பாஸுங்க."

"பிறகு?"

"காம்புதாங்க."

பத்தொன்பது பெயருக்கும் அங்கே ஆள் இருந்தது.

மேடம் என் பக்கம் திரும்பினார். "இத அப்படியே எழுதுனா ஹெட்மாஸ்டர் வேலை போகும், ஹைஸ்கூலும் போகும். முன்னாடி பெஞ்சுல இருந்தது உங்க மகதானே? அதுவும் இங்க வந்து காம்பு கிள்ளலாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சின்ன விரல்தான் வேகமா ஓடும் மேடம். பெரியாளுக்குக் கூலி குடுத்தாக் கட்டாது. சீசன் முடியட்டும், சித்திரைல எல்லாத்தையும் அனுப்புறேன்."

"சித்திரைல பரீட்சையே முடிஞ்சிருமே. நல்ல யாவாரின்னு பேரு சொன்னாங்க. எங்கிட்டயே சொத்தை வத்தலத் தள்ளுறீங்களே அண்ணே."

கிட்டங்கிக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "விட்டுக் குடுத்துராத மாப்ள," என்று தலைவர் முதுகுக்குப் பின்னால் முணுமுணுக்கிறார்.

ஒரு மணி நேரம் பேரம். சனிக்கிழமையாவது பிள்ளைகளை விடுங்கள் என்றேன். அசையவில்லை. பேனா மூடியைக் கழற்றிப் பிடித்தபடியே நின்றார்... அந்தப் பேனாவைப் பார்த்துத்தான் நான் இறங்கி வந்தேன்.

அந்த ஜூனில் எங்கள் ஊருக்கு ஒன்பதாம் வகுப்பு வந்தது.

அப்புறமும் எங்கள் பக்கம் வந்தால் முதலில் கிட்டங்கியை எட்டிப் பார்ப்பார். பிறகுதான் பள்ளிக்கூடம். என் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை.

ரிட்டயர் ஆவதற்குள் இப்படி எத்தனை ஊரில் நின்று பேரம் பேசினாரோ... அந்தந்த ஊர்க்காரர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.

நாளை காலை எடுக்கிறார்கள். நான் போகிறேன். போய் வாருங்கள் மேடம்.

அன்று கிட்டங்கி வாசலில் முடிந்த பேரம் இது. பத்தொன்பது பேரும் மறுநாள் முதல் மணிக்கே பள்ளியில் இருக்க வேண்டும். காம்பு கிள்ள அவர்களின் அம்மாக்கள், மூட்டைக்கு எட்டணா கூட்டி. ஒரு மாதம் ஒரு பிள்ளையும் நிற்காமல் வந்த பிறகுதான் கையெழுத்து. காலனிப் பிள்ளைகளுக்குத் தனி பெஞ்சு கிடையாது. முத்துமாரிக்கு இடம், செல்வி பக்கத்தில்.