தரையோடு கிடந்த கோடு

எங்கள் தொழிற்சாலை அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘கோடு’ என்றால் போதும், திரும்பிப் பார்ப்பார். மாதக் கணக்குகளைப் படமாக்கி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, வாசலில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ள போர்டில் ஒட்டுவது அவர் வேலை. படத்துக்கான எண்களைத் தட்டச்சு செய்து தருவது என் வேலை. பதினான்கு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மேசை.

படம் விஷயத்தில் அவருக்கு இருந்த கண்டிப்பு மாமியார்களுக்குக்கூட இருக்காது. ஒருமுறை நான் ஆசை ஆசையாக ஏழு நிறத்தில் வட்டப்படம் போட்டுக் காட்டினேன்.

“இது என்னம்மா, பொறந்தநாள் கேக்கா? எது பெருசு, எது சிறுசுன்னு கண்ணு உடனே சொல்ல வேணாமா?”

போர்டை யாரும் நின்று படிப்பதில்லை, நடந்துகொண்டே பார்க்கிறார்கள். அந்த மூன்று நொடியில் மனதில் என்ன பதிகிறதோ அதுதான் படம் சொன்னது என்பது அவர் கட்சி. எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவர் சொன்னது சரிதான்.

இந்த வருடம், தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ்கள் நான்கில் மூன்றாவதில் மட்டும் கை அடிபடுவது கூடிக்கொண்டே போனது. ஜனவரியில் இரண்டு பேர், மார்ச்சில் நான்கு, ஜூனில் பதினொன்று. காயப் படத்தில் அதன் கோடு மட்டும் மாடிப்படி ஏறுவது போல ஏறியது. வெளியிலிருந்து பெரிய ஆட்கள் பார்வையிட வருவதாக இருந்தது. இயந்திரத்தை நிறுத்திப் பழுது பார்க்கச் சொல்லியிருக்கலாம் மேனேஜர். அதை விட்டுவிட்டு, படம் போடும் எங்கள் ‘கோடு’வைக் கூப்பிட்டார்.

“எண்ணை எதையும் மாத்த வேண்டாம்பா. அந்தக் கோடு துருத்திக்கிட்டு நிக்குது, அதை மட்டும் பாரு.”

எண்ணை மாற்றச் சொல்லியிருந்தால் அவர் முடியாது என்றிருப்பார். மாற்ற வேண்டாம் என்றதுதான் வினையாகப் போயிற்று. அவருக்கு அது ஒரு புதிர்க்கணக்கு. மத்தியானத்துக்குள் விடை கண்டுபிடித்துவிட்டார். காயங்களையும் உற்பத்தியையும் ஒரே படத்தில், ஒரே அளவுகோலில் போட்டார். உற்பத்தி ஆயிரக்கணக்கில் போகும். அதன் பக்கத்தில் பதினொன்று எந்த மூலைக்கு? நான்கு பிரஸ்களின் காயக் கோடுகளும் தரையோடு தரையாகப் படுத்துவிட்டன.

“ஒரு எண்கூடத் தப்பில்ல, பாத்தியா?” என்று என்னிடம் காட்டினார். குரலில் பெருமை இருந்தது. நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அவர் மனைவியும் எங்கள் தொழிற்சாலைதான், பெட்டி கட்டும் பிரிவு. எனக்குத் தங்கை மாதிரி. இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே அவரிடம் சொன்னாளாம்.

“நாளையிலேர்ந்து நான் மூணாவது பிரஸ்ஸுங்க. காலை ஷிப்ட். பொண்ணு ஸ்கூல் விட்டு வர்றப்ப வீட்ல இருக்கலாம்.”

“அங்க எதுக்குப் போற?”

“நாலு பேரு பயமுறுத்தத்தான் செஞ்சாங்க. நான் போர்டைப் பாத்துட்டுத்தான் எழுதிக் குடுத்தேன். நாலு மெஷினும் ஒரே மாதிரி கீழதானே கெடக்கு? நீங்க போட்ட படமாச்சே.”

அவர் எழுந்து, மகளின் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, காயங்களை மட்டும் தனியாக வைத்து, பூஜ்யத்திலிருந்து வரைந்து காட்டினார். மூன்றாவது கோடு தாளின் உச்சி வரை ஏறியது. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை.

“நான் வேணாம்னு எழுதிக் குடுத்துடலாம். அப்புறம் இன்னொருத்தி வந்து அங்க நிப்பா. அவளும் போர்டைப் பாத்துட்டுத்தானே வருவா? அவ வீட்ல யாரு இப்படிப் படம் போட்டுக் காட்டுவாங்க?” தாளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். “இதைப் போர்டுல ஒட்டுங்க. ஒட்டுன அன்னிக்கு நான் மாறிக்கறேன்.”

மறுநாள் காலை அதைப் பெரிதாக வரைந்து எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் எனக்கும் கேட்டது.

“பழைய படத்துல எந்த எண்ணுப்பா தப்பு?”

“எண்ணெல்லாம் சரிதான் சார். பாக்கறவங்களுக்குத் தப்பாப் படுது.”

“அது அவங்க கண்ணுக் கோளாறு. படத்தைப் போட்டது யாரு? நான் கோட்டைப் படுக்க வைன்னு சொன்னேனா? இதை இப்ப ஒட்டினா, இத்தனை மாசம் நீ மறைச்சு வெச்சேன்னுதான் ஆகும். வேலையும் போகும், கம்பெனி வீடும் போகும். யோசிச்சுக்கோ.”

வெளியே வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். நான் என் மேசையைப் பார்த்தேன். பதினான்கு வருடப் பழக்கத்துக்கு அந்த நேரத்தில் நான் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

அதற்கப்புறம் மூன்று வாரம் ஆகிவிட்டது. கணக்கு நோட்டுத் தாள் நாலாக மடிந்து அவர் சட்டைப் பையில் இருக்கிறது. பிரஸ் பக்கம் அபாய மணி அடித்தால் அவர் கை அந்தப் பைக்குப் போகிறது; யார் என்று சேதி வரும்வரை பேனாவைத் தொடுவதில்லை. இந்த மாதப் படத்தையும் அவர்தான் போட்டார். எண்களை நான்தான் அடித்துக் கொடுத்தேன். எண்களில் ஒரு தப்பும் இல்லை.

தினமும் காலை ஷிப்டுக்கு வரும்போது அவள் கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்கிறாள். மற்றவர்களைப் போல நடந்துகொண்டே பார்ப்பதில்லை, நின்று பார்க்கிறாள். பிறகு உள்ளே போய், மூன்றாவது பிரஸ்ஸில் நிற்கிறாள்.