என் ஒரு நிமிடம்

செல்போன் எல்லார் கைக்கும் வந்த புதிதில், புதுச்சேரியில் ஒரு வியாபாரிகள் குழுவில் வருடச் சந்தா கட்டிச் சேர்ந்தேன். வாரம் ஒரு நாள், காலை ஏழு மணி, ஓட்டல் ஏசி ஹால். இட்லி சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொருவரும் எழுந்து தன் தொழிலைப் பற்றி ஒரு நிமிடம் பேச வேண்டும். பேசி முடித்தால் கைதட்டுவார்கள். நேரம் தாண்டினாலும் கைதட்டுவார்கள். அதற்கு உட்கார் என்று அர்த்தம்.

என் தொழில் செப்டிக் டேங்க் சுத்தம் செய்வது. சாரம் பகுதியில் ஒரு ஷெட், ஒரு லாரி, குழாய் போட்டு உறிஞ்சும் மோட்டார். நான் தொழிலைச் சொன்னதும் தட்டுகள் தள்ளிப் போகும். இருபது நொடிக்குள் கைதட்டல் தொடங்கிவிடும். முதல் கை எப்போதும் தலைவருடையது. அவர் அடுக்குமாடி கட்டி விற்பவர்.

மூன்று வாரம் உட்கார்ந்தேன். அதுதான் வழக்கம் என்று நம்பித் தொலைத்தேன்.

நான்காவது கூட்டத்துக்கு முந்தின நாள் தவளக்குப்பத்தில் ஒரு அடுக்குமாடிக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் இரண்டு ஆட்களைத் தொட்டிக்குள் இறக்கியிருக்கிறார்கள். ஒருவன் மயங்கி விழ, இன்னொருவன் மேலே இழுத்துப் போட்டிருக்கிறான். உயிர் இருந்தது. அதன் பிறகுதான் என் லாரி ஞாபகம் வந்திருக்கிறது.

"ஆளு சீப்பா கெடைக்கிறான்னு ஓனருதான் எறக்கச் சொன்னாரு," என்றார் வாட்ச்மேன். ஓனர் எங்கள் தலைவர்.

மறுநாள் எழுந்தேன். நாலு வரி பேசுவதற்குள் தலைவர் தட்டினார், ஹாலே தட்டியது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கைகள் ஓய்ந்ததும் வாயைத் திறந்தேன். மறுபடி தட்டினார்கள். மறுபடி நின்றேன்.

"டைம் ஆச்சு, உக்காருங்க," என்றார் தலைவர்.

"நீங்க தட்டுன நேரம் என் நேரமில்ல."

பக்கத்தில் டைல்ஸ் கடைக்காரர். "இன்னாய்யா, சாப்புடற எடத்துல உன் நாத்தத்தக் கொண்டாந்துக்கினு?"

"நாத்தம் உன் வூட்டுதுய்யா. நான் அள்ளிக்கினு போறவன்."

நேரம் பார்ப்பவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு வேண்டியவர் இல்லை. தெருவில் என் லாரியைக் கண்டால் மூக்கைப் பொத்துவார். கடிகாரத்தைப் பார்த்து, பிரெஞ்சு மரியாதையோடு சொன்னார்: "முசியே பேசினது பதினாலு செகண்ட். தட்டும்போது நிறுத்திட்டேன். நாப்பத்தாறு பாக்கி இருக்கு."

பேசினேன். தொட்டிக்குள் விஷவாயு இருக்கும், இறங்கியவன் கத்தக்கூட முடியாது, என் லாரி பிடிக்காவிட்டால் வேறு லாரியைக் கூப்பிடுங்கள், ஆளை மட்டும் இறக்காதீர்கள் என்றேன். நேற்று தவளக்குப்பத்தில் ஒருவன் விழுந்ததைச் சொன்னேன். "தலைவரே, அது உங்க பில்டிங்."

நேரம் முடிந்ததென்று அவர் மணி அடித்தார். ஒருவரும் கைதட்டவில்லை.

வாசலில் தலைவர் மறித்தார். "அடுத்த வாரம் வர வேணாம்."

"வருசத்துக்குக் கட்டியிருக்கேன். வருவேன்."

போனேன். ஒரு வாரம் விடவில்லை. ஒவ்வொரு முறையும் கடைசியாக, ஆளை இறக்காதீர்கள் என்பதையே சொன்னேன். தட்டினால் நின்றேன். போகப் போக, பேச்சின் பாதியில் தட்டுவதை அவர்களே விட்டார்கள்.

அந்தக் கட்டடத்துக்கு அதன் பிறகு லாரிதான் போனது. என்னுடையது இல்லை. போகட்டும்.