முன்கேட்டில் வைத்த அடுப்பு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மூலிகைப் பானம் காய்ச்சி விற்கக் கற்றுக்கொடுக்கிறவளுக்கு இது ஆகாது என்று எங்கள் நிறுவனத்தில் பலமுறை சொல்லிவிட்டார்கள். கேட்டால்தானே.

சடையங்குப்பத்தில் பத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். அதில் ஒருத்தியின் கணவர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடுமேன். தகடு சரிந்து இடுப்பு ஒடிந்து வீட்டில் படுத்துவிட்டார். இவள் காய்ச்சும் சுக்குமல்லிக் கஷாயம் விற்றால்தான் இனி அங்கே உலை கொதிக்கும். மார்க்கெட்டின் பின்கேட்டில் நிற்கிறேன் என்றாள். அங்கே ஈ, காக்கை வராது என்று திட்டி, நான்தான் அவளை முன்கேட்டில், டீக்கடைக்கு நேர் எதிரே நிறுத்தினேன். கூட்டம் இருக்கும் இடத்தில் கடை போடு என்பது வகுப்பில் என்னுடைய முதல் பாடம்.

உடம்பு வலிக்கு இதமாக இருக்கிறது என்று லோடுமேன்கள் டீயை விட்டு இவளிடம் வந்தார்கள். நான்காம் நாள் எப்படிப் போகிறது என்று பார்க்கப் போய், நானும் கரண்டியோடு நின்றேன். டீக்கடைக்காரர் ரோட்டைத் தாண்டி வந்தார்.

"யார கேட்டு இங்க கட போட்ட? இது இன்னா உங்கப்பன் வூட்டு எடமா?"

அவள் பதில் சொல்வதற்குள் அடுப்பை எட்டி உதைத்தார். கொதித்த கஷாயம் அவளுடைய இரண்டு பாதங்களிலும் கொட்டியது. அப்படி ஒரு அலறலை நான் கேட்டதே இல்லை.

கையில் இருந்த இரும்புக் கரண்டியால் அவர் முழங்கையில் ஓங்கிப் போட்டேன். எலும்பு முறிவது காதில் விழுந்தது. கீழே விழுந்தவரைத் தோளிலும் அடித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

லோடுமேன்கள் ஓடிவந்து என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். டீக்கடைக்காரர் அவர்களுக்குப் பல வருஷத்துப் பழக்கம். காலையில் இவளிடம் வாங்கிக் குடித்தவர்களே இவளுடைய அண்டாவைக் கம்பியால் அடித்து நசுக்கினார்கள்.

அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பாதத்தில் தோல் உரிந்து தொங்கியது. "அவனைச் சும்மா விடக் கூடாது, போலீஸுக்குப் போவோம்" என்று வழியெல்லாம் குதித்தேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவன் கால்ல கைல வுழுந்தாவது பின்னாடி கேட்டாண்ட நின்னுகினு இருப்பேன்கா. நீ அவன் கைய ஒடச்சிட்ட. இனிமே எந்த கேட்டாண்டயும் என்ன வுட மாட்டானுங்க. எனுக்கு கால் ஆறிடும். வூட்ல கீற ஆளுக்கு நான் இன்னாத்த குடுப்பேன்?"

ஆஸ்பத்திரி வாசலில் தாங்கிப் பிடிக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டு, வெந்த காலோடு அவளே நடந்து உள்ளே போனாள்.